தெர்மாகோல் ரோடும் போடிமெட்டு ஜீப்பும்

தெர்மாகோலை வைத்து ரோடு போடலாம் என்று எங்கள் தேனி மாவட்டத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறோம் என்று அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், கொஞ்ச நேரத்திலேயே காற்று அத்தனையையும் கரைக்குத் தள்ளியதும், தமிழ்நாடே ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்ததும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் 'தெர்மாகோல்' என்பது பொருளின் பெயராக இல்லாமல் நக்கலின் பெயராகிவிட்டது.

ஆனால் அந்த வெள்ளை அட்டையின் அண்ணன் தம்பிகள்தான் உலகத்தில் பல இடங்களில் நெடுஞ்சாலையையே தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கின்றன. லாரி போகிறது, பஸ் போகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சமாச்சாரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு நார்வேயும் ஜப்பானும் ஞாபகத்துக்கு வரவில்லை. போடிமெட்டு ரோட்டில் ஒரு கார்த்திகை மாதக் காலைதான் வந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை முப்பது வருஷத்துக்கும் மேலாக ஏலக்காய் எடுக்கப் போனவர். போடிநாயக்கனூரைத் தெரியாதவர்களுக்கு: விடியற்காலை நாலு, நாலரைக்கே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், போலீஸ்காரர் யாராவது படித்துத் தொலைக்கப் போகிறார் :-) முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, தோட்டத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே வழியில் இறக்கம். ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். தினமும் ஏறி தினமும் இறங்குகிற ஆயிரம் மீட்டர்!

பள்ளி லீவு நாள் ஒன்றில் அத்தையோடு நானும் தொற்றிக்கொண்டேன். முந்தின ராத்திரி பூரா மழை. புலியூத்து தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். ரோட்டின் பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. விரல் நுழையும் அகலம் இருக்கும். வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தார் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எல்லாரும் எறங்குங்கக்கா. மலையோரமா ஒட்டி நடந்து அங்கிட்டுப் போயிருங்க. நான் வெறும் வண்டியக் கொண்டாரேன்."

எல்லோரும் இறங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்குவாளிகளைக்கூட எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அப்புறம் ஆளில்லாத ஜீப் மெதுவாக, உள்பக்கச் சக்கரம் வாய்க்காலில் உரச, வந்து சேர்ந்தது. மறுபடி ஏறிக்கொண்டார்கள். அவ்வளவுதான் சம்பவம்.

மண் தாங்காத இடத்தில் மண்ணைப் பலப்படுத்த உன்னிடம் காசும் நேரமும் இல்லையென்றால், மேலே வைக்கிற எடையைக் குறை. நான் சொல்லப்போகிற பொறியியல் வரலாறு மொத்தமும் அந்த டிரைவர் அண்ணன் செய்ததுதான். நார்வேக்காரர்கள் ஜீப்பைக் காலி பண்ணுவதற்குப் பதிலாக ரோட்டின் வயிற்றையே காலி பண்ணினார்கள்.

அதற்கு முன்னால், வெடிப்பு ஏன் எப்போதும் பள்ளத்தாக்குப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிடலாம். மலையில் ரோடு போட்டவர்கள் பாதியை மலையில் வெட்டினார்கள், வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை உண்டாக்கினார்கள். ஆக நீங்கள் பார்க்கிற மலைச்சாலையில் உள்பக்கம் ஆதி மலை, வெளிப்பக்கம் கொட்டின மண். உள்பாதி அசையாது. வெளிப்பாதி பழைய சரிவின்மேல் சும்மா சாய்ந்துகொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்கினால், கொட்டின மண் ஊறி எடை கூடும், பிடிமானம் குறையும். அப்போது இரண்டும் பிரியும் தையலில் வெடிப்பு விடும்.

இதே ரோட்டை அகலப்படுத்தணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளி என்றால் பிரச்சினை இல்லை, பக்கத்தில் மண்ணைக் கொட்டி இறுக்கி மேலே தார் போட்டுவிடலாம். மலையில் கணக்கே வேறு. கொட்டுகிற மண் சும்மா நிற்காது, ஒரு சாய்வில்தான் நிற்கும். வழக்கமாக ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளியே போகும். மலைச்சரிவும் ஏறக்குறைய அதே சாய்வில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் தண்டவாளம் மாதிரி இணைகோடாக ஓடும். மேலே மூணு மீட்டர் அகலம் கிடைக்க வேண்டுமென்றால், கீழே அடிவாரம் வரைக்கும் மண்ணைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். அதனால் இன்ஜினியர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, கீழிருந்து கனமான தடுப்புச் சுவர் எழுப்புவது. இன்னொன்று, உள்பக்கம் மலையை இன்னும் வெட்டுவது. நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நிற்க. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ரோடு வருவதற்கு முன்னால் அரிசியும் உப்பும் மேலே போனது தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும்தான், ஏலக்காய் இறங்கியதும் அப்படித்தான். மெட்டு என்று பேர் வைத்த இடங்களெல்லாம், போடிமெட்டு, கம்பம்மெட்டு, அப்படி ஏறி இறங்கிய கால்களின் பாதைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலைக் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகக் குட்டி ரயில் போட்டார்கள். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி, 1908-ல் அதை மாற்றி இரண்டடி அகலப் பாதை. அந்த ரயில் வந்து நிற்கிற உச்சிதான் இன்றைக்கும் டாப் ஸ்டேஷன் என்று பேர் சொல்கிற இடம். அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே இறங்கின. கொட்டகுடியிலிருந்து வண்டி கட்டி போடி. குரங்கணிக்கு மேலே ஏறினால் நடுவில் 'சென்ட்ரல்' என்று ஒரு இடம் வரும். காட்டுக்குள்ளே என்னடா சென்ட்ரல் ஸ்டேஷன் என்று சின்ன வயசில் குழம்பியிருக்கிறேன். அந்தக் கம்பிவடத்தின் நடு நிலையம் அது.

யோசித்தால் கம்பிவடம்தான் உலகத்திலேயே லேசான ரோடு. மலைச்சரிவின்மேல் ஒரு கூடை மண்கூடக் கூடுதலாக வைக்கவில்லை, அங்கங்கே தூண் நட்டதோடு சரி. 1924 ஜூலை வெள்ளத்தில், மலையாளத்துக்காரர்கள் தொண்ணூற்றொம்பதாம் வருஷ வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்களே, அதில் மூணாறு குட்டி ரயில் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. நாளடைவில் கம்பிவடத்துக்கும் வேலை போனது. போடிக்குக் கீழேயிருந்து மதுரை ரயில் 1928-ல் வந்தது, ஆனால் மேலே போக ரோடுதான் என்றாகிவிட்டது. லேசான வழி போய் கனமான வழி வந்த கதை இது.

இப்போது நார்வேக்குப் போகலாம்.

சதுப்பில் ரோடு போடுகிற தலைவலி எல்லா நாட்டுக்கும் பழசு. இங்கிலாந்தில் லிவர்பூல் மான்செஸ்டர் ரயில்பாதை போடும்போது ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் 'சாட் மாஸ்' என்ற சதுப்பில் மண்ணைக் கொட்டக் கொட்ட, சதுப்பு விழுங்கிக்கொண்டே போனது. கடைசியில் குச்சிகளையும் புதர்ச்செடிகளையும் பாய் மாதிரி பின்னி விரித்து, அதன்மேல் பாதையை மிதக்க விட்டார். 1830-ல் ரயில் ஓடியது. அதாவது 'நுரை' இல்லாத காலத்து 'நுரை' அது. நார்வேயில் மரத்தூளும் மரப்பட்டையும் போட்டு ரோடு நிரப்பியிருக்கிறார்கள். மரவேலை நாடு, குப்பைக்கும் பஞ்சமில்லை. ஆனால் மரத்தூள் நாளாக ஆக மக்கும்.

அந்த நாட்டுச் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் 1960-களில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் ரோட்டுக்கு அடியில் மண் உறைந்து உப்பி, ரோட்டைத் தூக்கிவிடும். அதைத் தடுக்க, ஐஸ்பெட்டிக்குள் வைக்கிற மாதிரி, ரோட்டுக்கு அடியில் பாலிஸ்டைரீன் நுரை அட்டையை விரித்துச் சோதனை செய்தார்கள். குளிரைத் தடுத்தது. அதோடு, வண்டி பாரத்தையும் வருஷக்கணக்கில் தாங்கியது. அங்கேதான் ஒருத்தருக்கு (அல்லது நாலு பேருக்கு, இந்த மாதிரி யோசனை எப்போதும் டீக்கடையில்தான் பிறக்கும்) பொறி தட்டியிருக்க வேண்டும். மெல்லிய அட்டை தாங்குகிறது என்றால் பெரிய கட்டியும் தாங்கும்தானே?

ஒஸ்லோ அருகே ஃப்ளோம் என்ற இடம். அங்கே ஒரு பாலம். பாலம் கெட்டித் தரையில் ஊன்றிய தூண்களின்மேல் அசையாமல் இருக்கிறது. பாலத்துக்கு ஏறுகிற மண்கரையோ மூணு மீட்டர் சதுப்பும் அதற்கடியில் பத்து மீட்டர் குழைகளிமண்ணும் மேலே உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு 20, 30 சென்டிமீட்டர் அமுங்கும். பாலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே படி விழும். சாலைக்காரர்கள் வந்து மேலே ஜல்லியும் தாரும் போட்டு மட்டம் பண்ணுவார்கள். போட்ட ஜல்லி எடை கூடி, கரை இன்னும் அமுங்கும். மறுபடி ஜல்லி. இந்த வியாதிக்கு மருந்தே வியாதியை வளர்க்கிற மருந்து!

1972-ல் அந்தக் கரையின் மேல்பகுதி மண்ணை ஒரு மீட்டர் ஆழத்துக்கு வழித்து எடுத்துவிட்டு, அரை மீட்டர் கனமுள்ள நுரைக்கட்டிகளை இரண்டு அடுக்காக வைத்து, மேலே ரோடு போட்டார்கள். அமுங்கல் நின்றது. உலகத்தின் முதல் 'தெர்மாகோல் ரோடு' அதுதான். தெர்மாகோல் என்பது நம் ஊரில் நிலைத்துவிட்ட வியாபாரப் பேர், பொருள் விரித்த பாலிஸ்டைரீன். பொறியியல்காரர்கள் இந்தப் பெரிய கட்டியை ஜியோஃபோம் என்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். இறுக்கிய மண் ஒரு கனமீட்டர் 1800, 2000 கிலோ வரும். நுரைக்கட்டி ஒரு கனமீட்டர் வெறும் 20 கிலோ. நூறில் ஒரு பங்கு. உள்ளே இருப்பதில் 98 சதவீதம் காற்று. இதை நம் மலைச்சாலைக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீர்கள். வெளிப்பக்கம் 3 மீட்டர் அகலம் கூட்டணும், நிரப்ப வேண்டிய ஆழம் சராசரி 4 மீட்டர். ரோட்டில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 12 கனமீட்டர். மண் என்றால் சுமார் 23 டன், அதாவது பத்துச் சக்கர டிப்பர் ஒன்று ஏற்றுவதைவிட அதிகம், ஒவ்வொரு மீட்டருக்கும். நுரை என்றால் 240 கிலோ. நாலு பேர் எடை. மேலே போடுகிற கான்கிரீட்டும் ஜல்லியும் தாரும் எப்படி இருந்தாலும் நாலு, நாலரை டன் வரும், அது இரண்டுக்கும் பொது. ஆக சரிவின்மேல் ஏறுவது ஒரு பக்கம் 27 டன், இன்னொரு பக்கம் 5 டன்னுக்குள்.

"சரிப்பா, லாரி ஏறினா நசுங்காதா?" நானும் இதைத்தான் கேட்டேன். பொறியியல் கல்லூரியில் மண் இயல் சொல்லிக்கொடுக்கிற நண்பர் ஒருவர் சிரித்தபடியே "சும்மாடு தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். தலையில் குடமோ மூட்டையோ வைக்கிறவர்கள் துணியைச் சுருட்டி வைப்பார்களே, அதுதான். சும்மாடு எடையைக் குறைப்பதில்லை, பரப்பிவிடுகிறது. நுரைக்கட்டிகளுக்கு மேலே பத்து, பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போடுகிறார்கள். அதன்மேல் ஜல்லி, தார். சக்கரம் ஒரு உள்ளங்கை இடத்தில் தருகிற அழுத்தம் இத்தனையையும் தாண்டி நுரைக்கு வரும்போது பல சதுர அடிக்குப் பரவி, அதன் தாங்குதிறனுக்குள் அடங்கிவிடுகிறது. அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது, அதன்மேல் பலகை வைத்து ஏறி நின்றால் விழுவதில்லை. இதுவேதான்.

இன்னொரு குணம் நம் மலைக்கு ரொம்ப முக்கியம். மண்ணைச் செங்குத்தாக நிறுத்த முடியாது, சுவரைத் தள்ளும். கட்டிகளைச் செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கினால் செங்குத்தாகவே நிற்கும், பக்கவாட்டில் தள்ளுவது ரொம்பக் கம்மி. அப்போது முன்னால் கனத்த தடுப்புச் சுவர் வேண்டாம், மெல்லிய மறைப்பே போதும். அடிவாரம் வரை மண்ணைக் கொட்டுகிற அந்த இணைகோட்டுப் பிரச்சினையும் போய்விடுகிறது. ஒரு கட்டி 30 கிலோ வரும் என்றால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம், குறுகலான மலைச்சாலையில் கிரேன் நிற்க இடம் தேட வேண்டியதில்லை.

இதை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1985-ல் ஆரம்பித்து, அடுத்த வருஷமே இதற்கென்று தனி அமைப்பு வைத்து, மலைச்சரிவுச் சாலைகளைப் பள்ளத்தாக்குப் பக்கமாக அகலப்படுத்த எக்கச்சக்கமாகப் பயன்படுத்தினார்கள். மலை, மழை, நிலச்சரிவு என்று எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிரச்சினை எல்லாம் அவர்களுக்கும் உண்டு, கூடுதலாக நிலநடுக்கம் வேறு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 160-ஆம் எண் நெடுஞ்சாலை சரிந்த இடத்தில் 1989-ல் 648 கனமீட்டர் நுரை வைத்துச் சரி செய்தார்கள். ஒரு கல்யாண மண்டபம் நிறைய இருக்குமா? அவ்வளவுதான்.

பெரிய வேலை என்றால் சால்ட் லேக் சிட்டி. 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸ் வருகிறது, ஊர் நடுவே போகிற 15-ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியாக வேண்டும். ஊரே பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல் இருக்கிறது. பழைய கரைக்குப் பக்கத்தில் புதுசாக மண்ணைக் கொட்டினால் ஒரு மீட்டர்வரைகூட அமுங்கும், அமுங்கி முடிய வருஷங்கள் பிடிக்கும், அடியில் புதைத்திருக்கிற குழாய்களும் கேபிள்களும் உடையும். 1997-லிருந்து 2001-க்குள் சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் நுரை வைத்தார்கள். குழாய்களுக்கு மேலே எடை கூடவில்லை, அவற்றைத் தோண்டி மாற்றவும் தேவைப்படவில்லை. இளகிய மண்ணில் ரோட்டை அகலப்படுத்துவது என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்த உதாரணத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல பொருளுக்குக் கெட்ட குணமே கிடையாதா? இருக்கிறது. வைகை அணையில் பார்த்தோமே, அதேதான் முதல் கெட்ட குணம். மிதக்கும்! ஒரு கனமீட்டர் நுரை தண்ணீரில் முழுசாக முங்கினால் கிட்டத்தட்ட 980 கிலோ விசையில் மேலே தள்ளும். 1987-ல் நார்வேயில் வந்த வெள்ளத்தில், கணக்குப் போட்டிருந்த மட்டத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறி, நுரை வைத்த சாலை மிதந்தே விட்டது. நம் ஆட்கள் வைகையில் முப்பது வருஷம் கழித்துச் செய்ததை நார்வேக்காரர்கள் ரோட்டோடு சேர்த்துச் செய்திருக்கிறார்கள் :-) அதிலிருந்து தண்ணீர் மட்டமும் வடிகாலும்தான் இந்த வேலையின் முதல் கேள்வி.

இரண்டாவது, பெட்ரோல். தெர்மாகோல் துண்டைப் பெட்ரோலில் போட்டால் கரைந்து பசை ஆகிவிடும், பள்ளிக்கூடத்தில் பண்ணிப் பார்த்திருப்பீர்கள். டேங்கர் லாரி கவிழ்ந்தால்? அதற்கும் அந்தக் கான்கிரீட் சும்மாடுதான் குடை, சில இடங்களில் பெட்ரோல் புகாத தாளும் போர்த்துகிறார்கள். மூன்றாவது, நெருப்பு. கட்டி அடுக்கி மூடுவதற்கு முன்னால் பக்கத்தில் வெல்டிங் பொறி பட்டு எரிந்த சம்பவங்கள் நார்வேயிலேயே உண்டு. மூடியபிறகு காற்று கிடைக்காது, பயமில்லை. மக்குமா என்றால் மக்காது. 24 வருஷம் ரோட்டுக்கு அடியில் கிடந்த கட்டிகளைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள், பலம் குறையவில்லை. (கடலில் கிடந்து கடல் ஆமையைக் கொல்லுகிற அதே பிடிவாதம், ரோட்டுக்கு அடியில் நல்ல குணமாகிவிடுகிறது. எனக்கு இதில் முழுச் சமாதானம் இல்லை.)

இப்போது வீட்டுக்கு வருவோம்.

போடிமெட்டுக்கு மேலே கேரளத்தில் மூணாறு வரை சுமார் 42 கிலோமீட்டர். கொச்சி தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. 2017-ல் அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். தேவிகுளம் அருகே கேப் ரோடு என்ற இடத்தில் மலையை உள்பக்கமாக, பாறையை வெடி வைத்து, வெட்டினார்கள். 2019-லும் 2020-லும் அடுத்தடுத்துப் பெரிய சரிவுகள். 2019 அக்டோபரில் வேலையில் இருந்தவர்கள் மேலேயே மலை வந்து விழுந்து உயிர் போனது. கீழே இருந்த விவசாய நிலங்களில் பாறைகள் உருண்டு கிடந்தன. மாதக்கணக்கில் பாதை அடைத்துக் கிடந்தது, எங்கள் ஊர் ஜீப்புகள் சுற்றிப் போயின. எப்படியோ முடித்து 2024 ஜனவரியில் திறந்தார்கள். இன்றைக்குப் போனால் அழகான ரோடு, ஊரே நின்று போட்டோ எடுக்கிறது. 2025 அக்டோபரில் அதே நெடுஞ்சாலையில், மூணாற்றுக்கு அந்தப் பக்கம் அடிமாலி அருகே, அகலப்படுத்த வெட்டிய மேட்டுக்குமேல் இருந்த குடியிருப்பு சரிந்து இன்னொரு உயிர் போனது.

கேப் ரோட்டில் நுரை வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அது பொய். அங்கே விழுந்தது மேலே இருந்த பாறை. நுரை பாறையைப் பிடித்து நிறுத்தாது. நான் கேட்பது ஒரு படி முந்தின கேள்வி. மலையை உள்ளே வெட்டுவதா, வெளியே நீட்டுவதா என்று முடிவெடுக்கிற மேசையில், வெளியே நீட்டுவதற்கு லேசான வழி ஒன்று இருக்கிறது என்பதை யாராவது ஒரு வரி எழுதியாவது வைக்கிறார்களா? எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. கீழே ஊன்ற ஒரு திட்டு வேண்டும், மேலேயிருந்து வருகிற ஓடைத்தண்ணீரைத் திருப்ப வேண்டும். ஆனால் ஒத்துவருகிற நூறு மீட்டரில், எஸ்டிமேட்டில் நுரை விலையைப் பார்த்துவிட்டு 'மண் சும்மா கிடைக்குதே' என்று முடிவெடுத்தால், அந்த மண்ணின் விலை பின்னால் வேறு கணக்கில் எழுதப்படுகிறது.

மலையை விடுங்கள். 2025 மே 19-ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில், வயல்மேல் எழுப்பிய ஆறுவழிச் சாலையின் உயர்ந்த கரை அப்படியே பக்கத்துச் சாலைமேல் சரிந்தது. அடிமண் கரையின் எடையைத் தாங்கவில்லை என்பதுதான் நெடுஞ்சாலை ஆணையமே முதலில் சொன்ன காரணம். அப்புறம் அந்த இடத்தில் கரையே வேண்டாம், தூண் நட்டு மேம்பாலமாகக் கட்டலாம் என்றார்கள். ஸ்டீஃபன்சன் மண்ணைக் கொட்டி முழிபிதுங்கி இருநூறு வருஷம் ஆகப்போகிறது.

நம் நாட்டில் லேசான நிரப்பு என்ற யோசனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் மண்ணைவிடக் கணிசமாக லேசு. தில்லியில் யமுனை ஓரம் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்துக்கு ஏறுகிற கரையை 1990-களின் கடைசியில் சாம்பலால்தான் கட்டினார்கள், 2001-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டிப் புத்தகமே போட்டது. ஆனால் சாம்பலை மலைமேல் ஏற்றி மழைக்குக் காட்டுவது நல்லதில்லை, கரைந்து ஓடையில் இறங்கும். ஏலத்தோட்டத்துக் குடிதண்ணீரே அந்த ஓடைகள்தான்.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் சொன்னேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, மூட்டு வலி. டிவி பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் துண்டு ஒன்று பரணில் கிடந்தது, அதை எடுத்துத் தரையில் வைத்து, மேலே அம்மிக்குழவியைப் படுக்கவைத்து விளக்கினேன். முதலில் குழவி நேராக உட்கார்ந்து பள்ளம் விழுந்தது. அப்புறம் நடுவில் ஒரு பலகையை வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அத்தை பலகையை ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கி ரோட்டுல இது இருந்திருந்தா நாம எறங்கி நடந்திருக்க வேணாமா?"

"தண்ணி வடிய வழி பண்ணி வச்சிருந்தா வேணாம் அத்தை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நடந்தது ஒண்ணுமில்லப்பா, காலு இருந்துச்சு நடந்தோம். எங்கள எல்லாம் எறக்கிவிட்டுட்டு அந்தப் பய மட்டும் உள்ள உக்காந்து ஓட்டிட்டு வந்தான் பாரு. அங்கிட்டு நின்னு எத்தன பேரு சாமிய கும்புட்டுக்கிட்டு இருந்தோம்னு அவனுக்குத் தெரியாது."